15 புள்ளிக்கு ஒரு நாவல்

2011 ஜனவரியில் மலேசியாவில் பள்ளிகள் திறந்தபோது சிலாங்கூர், நெகிரி செம்பிலான், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய நான்கு இடங்களிலும் ஐந்தாம் படிவ (பதினேழு வயது) மாணவர்கள் எல்லாருக்கும் மலாய் மொழிப் பாடத்தில் ஒரே நாவல்தான்: அப்துல்லா ஹுசேனின் 'இன்டர்லோக்'. அந்த ஆண்டு முடிவதற்குள் அது பாடத்திட்டத்தை விட்டுப் போய்விட்டது. இடைப்பட்ட மாதங்களில், நாவல் இந்தியர்களை இழிவுபடுத்துகிறது என்று ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி) கண்டித்தது, இந்திய அமைப்புகள் கூட்டம் போட்டன, நாவலின் பிரதியைக் கொளுத்தியவர்களும் உண்டு. பிப்ரவரி 27 அன்று இந்தியர் உரிமை அமைப்பான இண்ட்ராஃப் கோலாலம்பூரில் நடத்த முயன்ற பேரணியில் பலர் கைதானார்கள்.

சர்ச்சைக்குரிய நாவலை மேல்நிலைப் பள்ளியில் சொல்லித்தரலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அமெரிக்க உதாரணங்கள்தான் முதலில் வரும். நமக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் இது. இங்கே மனம் புண்பட்டவர்கள் தமிழர்கள். புத்தகத்தைத் திரும்பப் பெறு என்று கேட்டவர்களும் தமிழர்கள். கருத்துச் சுதந்திரம் பற்றித் தூரத்தில் நின்று பேசுவது எளிது. நம் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது பேசுவது வேறு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நாவல்களைப் பள்ளியில் சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் 2011-ல் 'இன்டர்லோக்'கை வைத்த விதத்தில் எந்த நாவலையும் வைக்கக் கூடாது. கோளாறு நாவலில் பாதி, அதை நுழைத்த பாடத்திலும் தேர்விலும் பாதி. அந்த இரண்டாவது பாதியைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை.

கொம்சாஸ் என்பது 2000-ல் மலாய் மொழிப் பாடத்துக்குள் சேர்க்கப்பட்ட இலக்கியப் பகுதி. இலக்கியம் விரும்பியவர்கள் எடுக்கும் தனிப் பாடமல்ல அது. மலாய் மொழியில் தேறாவிட்டால், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் பொதுத் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பதால், அந்தப் பாடத்தில் என்ன வைத்தாலும் நாட்டிலுள்ள ஒவ்வொரு மாணவரும் படித்தே ஆகவேண்டும். அப்போது வாரத்துக்கு இரண்டு பாடவேளை, வேளைக்கு 40 நிமிடம். அந்த 80 நிமிடத்துக்குள்தான் கவிதை, சிறுகதை, நாடகம், பழைய உரைநடை, நாவல் எல்லாம். நாடு சில மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலத்துக்கு ஒரு நாவல் என்று ஒதுக்கப்பட்டது. பினாங்கு மாணவருக்கும் ஜொகூர் மாணவருக்கும் வேறு நாவல்கள். இந்தியர்கள் அடர்த்தியாக வாழும் கிள்ளானும் சிரம்பானும் கோலாலம்பூரும் அடங்கிய மண்டலத்துக்கே 'இன்டர்லோக்' வந்து சேர்ந்தது. ஒதுக்கியவர் இதைக் கவனித்தாரா இல்லையா, எது மோசம் என்று தெரியவில்லை.

நாவலாசிரியரை வில்லனாக்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. 1920-ல் கெடாவில் பிறந்த அப்துல்லா ஹுசேன் 1967-ல், விடுதலையின் பத்தாம் ஆண்டையொட்டி நடந்த நாவல் போட்டிக்கு இதை எழுதினார். ஆறுதல் பரிசு கிடைத்தது. அரசின் மொழி, நூல் நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1971-ல் புத்தகமாக்கியது. 1996-ல் அவர் தேசிய இலக்கியவாதி என்ற உயரிய விருதைப் பெற்றார். நாவல் நான்கு பாகம்: செமான் என்ற ஏழை மலாய்க்காரனின் குடும்பம், சிங் ஹுவாட் என்ற சீனக் குடும்பம், மணியம் என்ற இந்தியக் குடும்பம், கடைசியில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் பாகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜப்பானியர் காலத்தைத் தாண்டி 1957 வரை கதை நீள்கிறது. மூன்று இனமும் ஒரு நாட்டில் பிணைந்து வாழ்வதைச் சொல்ல ஆசைப்பட்ட நாவல். 'ஒரே மலேசியா' முழக்கம் ஓங்கியிருந்த நேரத்தில் தேர்வுக்குழுவுக்கு அது கச்சிதமாகப் பட்டிருக்கும்.

இனி சர்ச்சைக்குள்ளான அந்த இடத்துக்கு வருவோம். கடல் கடந்து வந்த மணியத்தையும் உடன் வந்தவர்களையும் பற்றிச் சொல்லும்போது, இவர்கள் எல்லாரும் ஒரே சாதி, 'பரியா' சாதி, ஆகவே தீட்டுப் பயமில்லாமல் ஒருவரோடொருவர் கலந்து பழகினார்கள் என்ற பொருளில் நாவல் சொல்கிறது. சில வாக்கியங்கள்தான். ஆனால் வரலாறாக எடுத்துக்கொண்டால் அதில் இரண்டு பிழை இருக்கிறது. மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பறையர்கள் கணிசமானவர்கள். ஆனால் வன்னியர், கள்ளர், வெள்ளாளர் என்று பலரும் வந்தார்கள், தெலுங்கரும் மலையாளிகளும் வந்தார்கள். கங்காணி முறையில் ஒரு கங்காணி (தொழிலாளர்களைச் சேர்த்து மேற்பார்க்கும் ஆள்) தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்ததால் சாதிக் கூட்டம் கூட்டமாகவே வந்து இறங்கினார்கள். அடுத்தது, இங்கே வந்ததும் தீட்டு ஒழிந்துவிடவில்லை. சாதி பார்த்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வீடு ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன. நாவல் சொல்வது நடந்ததற்கு நேர் எதிர்.

இதற்கு மேல், மலாய்ப் பேச்சில் அந்தச் சொல் வெறும் சாதிப்பெயராகப் புழங்கவில்லை. அது வசவு. பள்ளித் திடலில் இந்தியப் பிள்ளையின் மேல் வீசப்படும் வசவு. திடலில் வீசினால் கட்டொழுங்கு ஆசிரியர் கூப்பிட்டுக் கண்டிக்கும் சொல், வகுப்பில் பாடநூலிலிருந்து உரக்க வாசிக்கப்படுகிறது.

வசவு இருப்பதால் மட்டும் ஒரு நாவலை ஒதுக்கிவிட முடியாது. இங்கேதான் இலக்கியம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் தேவைப்படுகிறார். மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. ஆனால் கதையைச் சொல்பவன் ஹக் என்ற சிறுவன். அடிமை ஒருவன் தப்பிக்க உதவுவது பாவம் என்று நம்பும்படி வளர்க்கப்பட்டவன். 31-ஆம் அத்தியாயத்தில், தன்னோடு வரும் தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்கக் கடிதம் எழுதிவிட்டு, அதைக் கிழித்து, சரி, நரகத்துக்கே போகிறேன் என்று முடிவெடுக்கிறான். அவனுடைய மொழி அவன் ஊரின் மொழி. அவன் செயல் அந்த ஊரையே பொய்யாக்குகிறது. கதைசொல்லிக்கும் நாவலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளியில் மாணவர் நின்று யோசிக்கலாம்.

'இன்டர்லோக்'கில் அந்த வாக்கியத்தைச் சொல்வது எந்தப் பாத்திரமும் அல்ல. எல்லாம் அறிந்த கதைசொல்லி சொல்கிறார். மறுத்துப் பேசப் பக்கத்தில் யாரும் இல்லை, அது தப்பு என்று காட்டும் சம்பவமும் கதையில் இல்லை. பேராசை, அபின் என்று சீனர்களைத் தீட்டிய பகுதிகளிலும் இதே சிக்கல் உண்டு. சீன அமைப்புகளும் அதைச் சொன்னார்கள், சத்தம் குறைவாகவே கேட்டது. கெட்ட சீனர் ஒருவர் நாவலில் வருவது வேறு, சீனர்கள் இப்படித்தான் என்று கதைசொல்லியே சொல்வது வேறு. ஒரு நாவல் வகுப்புக்குத் தகுமா என்று பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது இது: மோசமான வாக்கியம் யார் வாயில் இருக்கிறது, நாவலுக்குள்ளேயே அதற்குப் பதில் இருக்கிறதா? பதில் நாவலில் இல்லையென்றால் வகுப்பறைதான் பதில் தரவேண்டும். அதற்கு நேரமும் ஆளும் அனுமதியும் வேண்டும்.

அனுமதி இல்லை என்பதைத் தேர்வுத்தாள் சொல்லியது. அந்தக் காலத்து எஸ்.பி.எம். மலாய் மொழி இரண்டாம் தாள் 110 புள்ளி (மதிப்பெண்). அதில் நாவலுக்கு நான்காவது கேள்வி, 15 புள்ளி. நான்காம் படிவ நாவலையும் ஐந்தாம் படிவ நாவலையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்: கருப்பொருள், பாத்திரப் பண்பு, பின்னணி, நற்பண்பு, படிப்பினை. இரண்டு நாவலிலிருந்தும் ஒவ்வொரு படிப்பினையை எடுத்து உதாரணத்தோடு விளக்குக என்ற மாதிரியான கேள்விகள். இந்தக் கேள்வியின் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நாவல் சொல்வது சரி, மாணவர் அதிலிருந்து நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அது. நாவலாசிரியர் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார், இன்ன ஆதாரப்படி இது தவறு என்று எழுதும் மாணவருக்குப் புள்ளி எங்கிருந்து வரும்? புள்ளித்திட்டத்தில் அதற்கு வரியே கிடையாது.

பெரும்பாலான மாணவர்கள் நாவலை முழுக்கப் படிப்பதும் இல்லை. வழிகாட்டி நூலில் பாகத்துக்கு இரண்டு பக்கச் சுருக்கம், பாத்திரத்துக்கு நான்கு பண்பு, படிப்பினை ஐந்து. மணியம் உழைப்பாளி, பொறுமைசாலி என்று மனப்பாடம் செய்தால் 15-க்குப் 10 தேறிவிடும். ஒரு நாவலில் சிக்கலைப் பிடிக்கத் தேவையான எல்லாமே, யார் சொல்கிறார், எந்தத் தொனியில் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்பதெல்லாம், அந்தச் சுருக்கத்தில் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது இனத்துக்கு ஒரு முத்திரை. நல்ல நாவலையே இந்த ஆலை தட்டையாக்கிவிடும்; ஏற்கெனவே முத்திரை குத்துகிற நாவலை என்ன செய்யும்?

அரசு முதலில் கண்ட வழி திருத்தம். அப்போது கல்வி அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் இருந்த முகைதீன் யாசின், நாவல் பாடநூலாகத் தொடரும், புண்படுத்தும் இடங்கள் மாற்றப்படும் என்று 2011 ஜனவரி இறுதியில் அறிவித்து ஒரு குழுவை அமைத்தார். எதை, எத்தனை இடத்தில் மாற்றுவது என்பதில் இழுபறி நீண்டது. அந்தச் சொல்லை எடுத்துவிடச் சம்மதித்த பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. ஆண்டு இறுதியில் நாவலையே எடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே 2011-ன் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் நியூசவுத் பதிப்பகம் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் அந்த இழிசொல்லை எல்லா இடத்திலும் 'அடிமை' என்று மாற்றிப் பதிப்பித்தது. இரண்டு நாட்டிலும் ஒரே மருந்தைத்தான் நாடினார்கள். என் கணிப்பில் எல்லா வழிகளிலும் மோசமானது இதுதான். 'பரியா' என்ற சொல்லை மட்டும் வெட்டினால், வந்தவர்கள் எல்லாரும் ஒரே சாதி, தீட்டுப் பிரச்சினை இல்லை என்ற தவறான வரலாறு அப்படியே நிற்கும். அதைச் சந்தேகிக்க வைத்த முள் மட்டும் போய்விடும். வாக்கியத்தையே எடுத்தால் 1967-ல் ஒரு நல்ல மலாய் எழுத்தாளருக்கு அண்டை வீட்டுக்காரனைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்பதற்கான சான்று அழிந்துவிடும். உண்மையில் அந்த நாவலில் கற்க வேண்டிய மிகப் பெரிய விஷயமே அதுதான். மாற்றுவதாக இருந்தால் மூலத்தை அப்படியே விட்டு, அதே பக்கத்தின் அடியில் குறிப்புப் போடலாம். புத்தகத்தின் கடைசியில் போடும் குறிப்பை எந்த மாணவரும் புரட்டுவதில்லை.

மாற்று வழி கற்பனையல்ல. 1990-களில் நியூ ஜெர்சியின் செர்ரி ஹில்லில் கறுப்பினப் பெற்றோர்கள் 'ஹக்கிள்பெரி ஃபின்' கற்பிக்கப்படும் விதத்தை எதிர்த்தார்கள். பள்ளி நிர்வாகம் நாவலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, பெற்றோர்களையும் பல்கலைக்கழக அறிஞர்களையும் உட்கார வைத்து, புதிய பாடத்திட்டம் தயாரித்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகே நாவல் வகுப்புக்குத் திரும்பியது. நாவலைத் திறப்பதற்கு முன்பே அந்தச் சொல்லைப் பற்றி வகுப்பில் பேசிவிட்டார்கள். அடிமை முறை பற்றிக் கறுப்பின எழுத்தாளர்கள் எழுதியவற்றை நாவலோடு சேர்த்துப் படித்தார்கள். பின்னால் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி பிபிஎஸ் வெளியிட்ட ஆசிரியர் கையேடு இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. கோலாலம்பூரில் அமைத்த குழுவின் வேலை புத்தகத்தைத் திருத்துவது. செர்ரி ஹில்லில் பாடத்தைத் திருத்தினார்கள்.

சரி, வாரம் 80 நிமிடம் கையில் உள்ள ஆசிரியர் என்ன செய்வது? எட்டு வாரம் ஒதுக்கினால் 16 பாடவேளை. அதில் முதல் மூன்றைப் புத்தகம் திறக்காமலே செலவழிக்க வேண்டும். கங்காணி முறை எப்படி நடந்தது, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் யார் யார், லயத்தில் வீடுகள் எப்படிப் பிரிந்திருந்தன என்று ஒரு பக்கத் தாள் போதும். நான்காவது வேளை அந்தச் சொல்லுக்கு. இங்கேயே வகுப்பின் விதியை முடிவு செய்துவிட வேண்டும்: அந்தச் சொல்லை உரக்க வாசிப்பதில்லை, மௌன வாசிப்பு மட்டும்; யாரையும் பாத்திரமேற்று நடிக்கச் சொல்வதில்லை. முதல் நாளே இதைச் சொல்லாவிட்டால், சர்ச்சையான பக்கம் வரும்போது வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அதன்பின் என்ன விதி போட்டாலும் பயனில்லை.

மூன்றாம் பாகத்தைப் படிக்கும்போது ஒரு பயிற்சித்தாள். முதல் கட்டத்தில் வாக்கியம், அடுத்ததில் அதைச் சொல்பவர் யார், அதற்கடுத்து நாவலுக்குள் அதை யாராவது மறுக்கிறார்களா, கடைசியில் நாவலுக்கு வெளியே உள்ள ஆதாரம் ஒத்துப்போகிறதா. பத்து வாக்கியம் போதும். மணியத்தைப் பற்றி மட்டும் எடுக்காமல் செமானைப் பற்றியும் சிங் ஹுவாட்டைப் பற்றியும் சேர்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடம் இந்தியர்களின் புகார்ப் பட்டியலாகச் சுருங்கி, மற்ற மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கூடவே வாசிக்க வேறு குரல் வேண்டும். மலேசிய எழுத்தாளர் கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' (1981) குடியேறிய இந்தியக் குடும்பத்தின் வாழ்க்கையை உள்ளேயிருந்து சொல்கிறது. ஜப்பானியர் காலத்துக்கு வந்ததும் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலிலிருந்து ஐந்தாறு பக்கத்தை மலாயில் பெயர்த்துக் கொடுத்தால், 'இன்டர்லோக்'கின் நான்காம் பாகம் எதைப் பார்க்கவில்லை என்று மாணவரே கண்டுபிடிப்பார்.

எங்கே கெடும்? பெரும்பாலும் ஆசிரியரின் நல்ல மனசால். வகுப்பில் இருக்கும் ஒரே தமிழ் மாணவியைப் பார்த்து, உங்கள் வீட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்பது அக்கறை போலத் தெரியும். பதினேழு வயதுப் பெண்ணை ஒரு சமூகத்தின் பிரதிநிதியாக எழுப்பி நிறுத்துவது அது. அடுத்தது, மாற்றுப் பாடம் கேட்டவரை நூலகத்துக்கு அனுப்பிவிடுவது. புண்பட்டவர் வெளியே, மற்றவர்கள் உள்ளே. மாற்று நாவலுக்கும் அதே அளவு பாடம் நடத்த ஆள் இல்லையென்றால் மாற்று உண்டு என்று அறிவிக்கவே கூடாது. பெற்றோருக்கான கடிதமும் முன்கூட்டியே போகவேண்டும்: எந்தப் பதிப்பு, எந்தெந்தப் பக்கத்தில் என்ன வருகிறது, ஏன் இந்த நாவல், வேறு நாவலால் ஏன் இதைச் செய்ய முடியாது. இந்தக் கடைசிக் கேள்விக்கு அரைப் பக்கம் எழுத முடியாவிட்டால் ஆசிரியர் நாவலை மாற்றிக்கொள்வது நல்லது. கடிதம் போகாவிட்டால் ஒற்றைப் பக்கத்தின் நகல்தான் வீட்டுக்கு வீடு போய்ச் சேரும்.

தமிழர் தரப்பையும் சொல்லாமல் விட முடியாது. எதிர்ப்பின் ஆரம்பம் நியாயமானது: வரலாறு தவறு, சொல் வசவு. போகப் போக அது, எங்களைப் போய் அந்தச் சாதி என்று எப்படிச் சொல்லலாம் என்ற குரலாக இழிந்தது. அந்தக் கோபத்துக்குள் இருந்தது நாவலை எழுதியவரிடம் இருந்ததைவிடப் பழைய சாதிப் புத்தி. அந்தச் சாதியில் பிறந்த மாணவர் இந்த ஆர்ப்பாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார் என்பது எத்தனை பேருக்கு உறைத்தது? நாவலை வகுப்பில் சரியாக நடத்தியிருந்தால் மலாய் ஆசிரியரைவிட அதிகம் சங்கடப்பட்டிருக்கக் கூடியவர்கள் நாம்தான். புத்தகம் போனதில் அந்தப் பேச்சும் போயிற்று.

ஒரு புத்தகத்தைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுப்பதும் நூலகத்திலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1982-ல் முடிந்த ஐலண்ட் ட்ரீஸ் வழக்கு பள்ளி நூலகத்தைப் பற்றியது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலக அடுக்கிலிருந்து புத்தகத்தை அகற்றக் கூடாது என்று நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பு சொன்னது. பாடத்திட்டத்தில் எதை வைப்பது என்பதில் பள்ளி வாரியங்களுக்குள்ள உரிமையை அது தொடவில்லை. 'இன்டர்லோக்' விஷயத்திலும் இந்தக் கோடு உதவும். கட்டாயத் தேர்வுப் பாடத்திலிருந்து எடுத்தது சரி. பள்ளி நூலகத்தில் மூலப் பதிப்பு இருக்கவேண்டும். அதை உண்மையாகப் படிக்கத் தோதான இடம் ஆறாம் படிவம். அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் மலாய் இலக்கியம் விருப்பப் பாடம், வகுப்பு சிறியது, மாணவருக்கு 18, 19 வயது, நாவலோடு சண்டை போட நேரம் உண்டு.

அங்கே கேள்வியும் மாறவேண்டும். படிப்பினை கேட்காமல் இப்படிக் கேட்கலாம்: மூன்றாம் பாகத்தை மணியமே தன் வாயால் சொல்லியிருந்தால் எந்த வாக்கியங்கள் மாறும், எவை அப்படியே நிற்கும்? நாவலுக்குள்ளிருந்து இரண்டு, வெளியிலிருந்து இரண்டு சான்று தந்து எழுதுக. 25 புள்ளி. அப்துல்லா ஹுசேன் எழுதியது 1967-ன் வெகுளித்தனம், வெறுப்பல்ல என்று நிறுவும் விடைக்கும், இல்லை என்று நிறுவும் விடைக்கும் முழுப் புள்ளி போகலாம். வழிகாட்டி நூலிலிருந்து நான்கு பண்பை எடுத்து எழுதிய விடைக்கு 5-க்கு மேல் கிடையாது.